இருநூறு வாக்கு வேண்டாம் என்றவருக்கு

அண்ணை,

இன்று காலை ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருக்கும் நகல் கடையில் நின்றேன். இயந்திரம் துப்பிய தாள்கள் கையில் சுட்டன. அந்தச் சூட்டோடு ஒரு கருகல் மணம் வருமே, அது மூக்கில் ஏறியதும் நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னும் பத்து எடும்மா, கோயில் பலகைக்குப் பத்தாது" என்று சொல்வது போலவே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. இருந்தாலும் பத்துப் பிரதி கூடுதலாகவே எடுத்தேன்.

நாம் தொடங்கும்போது ஒரு தாள். இன்று பதினொரு தாள். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு மரண அறிவித்தல்கள். நகல் கடைக்காரப் பெண் தாள்களை அடுக்கித் தரும்போது, "எல்லாமே பெயர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். போன மாதம் வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது, அண்ணை. எப்படி முடிந்தது என்பதை இந்தத் தாள்களைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

உங்களோடு கொஞ்சம் சண்டை பிடிக்கவேண்டும். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் அப்போது ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தீர்கள். அதற்கு முன், வரைபடத்தில் பெயரை எழுதினால் பாதிப் பெயர் கடலுக்குள் விழுந்துவிடும் அளவுக்குச் சின்னதான உங்கள் நாட்டில், ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். நான் எண்பத்தாறில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர்மார் பேசிப் பதிவதைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியாது. எனக்கு விரல்கள் சும்மா இருக்காது. அப்படித்தான் அந்தப் பதினாறு பக்க மாதப் பத்திரிகை பிறந்தது. விலை ஒரு டொலர். மளிகைக் கடைக்காரர்கள் விளம்பரத்துக்கு அரிசி மூட்டை தந்தார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் தோசை தந்தார். பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடியது.

பிறகு இரண்டாயிரத்தில் அந்தப் புது வரி வந்தது. எல்லாப் பொருளுக்கும் எல்லாச் சேவைக்கும் நூற்றுக்குப் பத்து வீதம், பத்திரிகைக்கும் விலக்கில்லை. அரசாங்கத்தில் தொழில் பதிவு எண் எடுக்காவிட்டால், விளம்பரம் தருபவர் நமக்குத் தரவேண்டியதில் கிட்டத்தட்டப் பாதியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டவேண்டும். நமக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவர் வந்து உட்கார்ந்து விளக்கினார். அரிசி மூட்டையும் வருமானம்தான், அதற்கும் பெறுமதி போடவேண்டும் என்றார்.

"தோசைக்குமா?" என்று கேட்டீர்கள்.

"ஓம், தோசைக்கும்."

"சட்னி தனியாவா, சேர்த்தா?"

அந்த மனிதர் எழுந்து போகாமல் இருந்தது நம் அதிர்ஷ்டம். ஆனால் சிரிப்பெல்லாம் அந்த எண்ணுக்கான படிவத்தின் இரண்டாம் பக்கத்தோடு நின்றுபோனது. அங்கே உரிமையாளர் யார் என்று கேட்டிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் நாம் யோசித்தே பார்த்திராத கேள்வி. நான் உங்கள் பெயரை எழுதச் சொன்னேன். நீங்கள் என் பெயரை எழுதச் சொன்னீர்கள். கடைசியில் கூட்டாளிகள் என்று தலைப்புப் போட்டு, சந்தா கட்டிய அறுபத்துமூன்று பேரின் பெயரையும் இணைத்து அனுப்பிவிட்டீர்கள். இருபது பேருக்கு மேல் கூட்டாளிகள் இருக்க முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவர் அன்று வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

அப்படித்தான் சங்கமாகப் பதிந்தோம். சங்கம் என்றால் விதிகள் வேண்டும். மற்றவர்கள் எங்கிருந்தோ இருபது பக்க யாப்பு விதிகளை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவார்கள். நீங்கள் டிக்கெட் ஜன்னலில் இருந்தபடியே அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தீர்கள். மூன்றே விதிகள். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. மரண அறிவித்தல் இலவசம், யாருடையதையும் மறுக்கக் கூடாது, எல்லோருக்கும் ஒரே அளவுக் கட்டம். வானொலி வைத்திருப்பவர் பத்திரிகைக் குழுவில் இருக்கக் கூடாது.

மூன்றாவது விதியை யாரை நினைத்து எழுதினீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் அவரை ரேடியோ அங்கிள் என்று கூப்பிடுவார்கள். கிழமையில் மூன்று நாள் அவருடைய தமிழ் வானொலி நேரம். அதற்கு மேல் ஒரு பெரிய மளிகைக் கடை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். புதிதாக வந்திறங்கிய குடும்பம் என்றால் அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்துவிடுவார், காசு கேட்கமாட்டார். ஆனால் தன்னை யாரும் எதிர்த்துப் பேசினால் அவருக்குப் பொறுக்காது.

சங்கம் பதிவதற்கு முன்பு, ஒரு டாக்ஸி ஓட்டுநர் நேரடி ஒலிபரப்பில் தொலைபேசியில் வந்து, "நீங்கள் சொல்லுறது பிழை" என்று அவரிடம் சொல்லிவிட்டார். என்ன விஷயத்தில் பிழை என்பதுகூட இப்போது எனக்கு மறந்துவிட்டது. அடுத்த வருடம் அந்த ஓட்டுநர் மாரடைப்பில் இறந்தார். வானொலியில் அறிவித்தல் வாசிக்கவில்லை. மனைவி மூன்று முறை தொலைபேசியில் கேட்டிருக்கிறார். நேரம் போதவில்லை என்று பதில். நம் பத்திரிகை மாதத்துக்கு ஒருமுறை, அந்த மாத இதழ் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது. ரூக்வூட் மயானத்தில் நூறு பேர் இருக்கக்கூடிய மண்டபத்தில் நம் இருவரையும் சேர்த்து எட்டுப் பேர். அந்தப் பெண் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆக்கள் வருவினம் அக்கா, கொஞ்சம் பாப்பம்" என்று என்னிடம் சொன்னார். மண்டபக்காரர் வந்து கடிகாரத்தைக் காட்டினார். ஒருவரும் வரவில்லை.

ரயிலில் திரும்பினோம். ஹோம்புஷில் வண்டி நின்றபோது, "ஒரு வாய் மூடினா இன்னொரு வாய் திறந்திருக்கணும்மா. ரெண்டு வாயும் ஒருத்தர்கிட்ட இருக்கக்கூடாது" என்றீர்கள். அதுதான் மூன்றாவது விதி.

ரேடியோ அங்கிள் கோபப்படவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கடைக்குப் போனபோது வெண்டைக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, நான் ஒண்டும் கொள்ளையடிக்க வரேல்லை. பேப்பரும் ரேடியோவும் ஒரு இடத்தில இருந்தால் செலவு குறையும். வரி விசயமெல்லாம் என்ர ஆக்கள் பாப்பினம். நீங்கள் ரெண்டு பேரும் ஏன் கஷ்டப்படுறியள்?" உண்மையைச் சொன்னால், அன்று என் மனது ஆடியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பவேண்டிய அந்த வரிப் படிவங்களால் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன.

நாம் மறுத்துவிட்டோம். அடுத்த கிழமை அவருடைய வானொலியில், "நம்முடைய பத்திரிகையில் எல்லோரும் உறுப்பினராகச் சேருங்கள்" என்று அழைப்பு வந்தது. விண்ணப்பங்கள் கடையில் மல்லித்தூளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. முதலில் நான் மகிழ்ந்துபோனேன், அவ்வளவு மண்டு நான். பிறகுதான் விளங்கியது, வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறார் என்று. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. நீங்கள் எழுதிய முதலாவது விதியாலேயே மூன்றாவது விதியைத் தூக்கப்போகிறார்.

அன்று நான் செய்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு திருத்தத்தைத் தட்டச்சுச் செய்துகொண்டு ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு வந்தேன். பத்திரிகையைத் தொடங்கியவர்களின் வாக்கு ஒவ்வொன்றும் ஐம்பது வாக்காகக் கணக்கிடப்படும் என்பதுதான் திருத்தம். கூட்டத்துக்கு முன் குழுவைக் கூட்டி நிறைவேற்றிவிடலாம். நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் கண்ணாடிக்குக் கீழே தாளைத் தள்ளினேன். நீங்கள் வாசித்துவிட்டு, மீதிக் காசு தருவதுபோல அதே வழியால் திருப்பித் தள்ளினீர்கள்.

"இதைப் பார்த்துட்டுத்தானம்மா ஓடி வந்தேன்."

உங்கள் நாட்டுக் கதையை அதற்கு முன் நீங்கள் முழுதாகச் சொன்னதில்லை. பின்னால் நின்றவரை அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்லிவிட்டுச் சொன்னீர்கள். அங்கே பத்திரிகை நடத்த வருடா வருடம் அனுமதி வாங்கவேண்டும். பத்திரிகைக் கம்பனியில் இரண்டு வகைப் பங்கு. சாதாரணப் பங்குக்கு ஒரு வாக்கு. அரசாங்கம் சம்மதித்தவர்கள் கையில் இருக்கும் மற்றப் பங்குக்கு, ஆளை வைப்பது, ஆளை நீக்குவது என்று வரும்போது இருநூறு வாக்கு. யாரையும் அடிக்கவேண்டாம், பிடிக்கவேண்டாம். கூட்டம் போட்டு, கைதூக்கி, முறைப்படி எல்லாம் நடக்கும்.

"அங்க அவங்க கையில இருநூறு. நீ நம்ம கையில ஐம்பது கேக்குற. எண்ணிக்கைதான் வித்தியாசம்."

"நாங்கள் நல்லாக்கள் அண்ணை!"

"அவங்களும் அதைத்தாம்மா சொன்னாங்க."

"அப்ப பத்திரிகை போகட்டும் எண்டு விடுறியளோ?"

"போனா போகட்டும்லா. என் கையால அந்தச் சட்டத்தை எழுத மாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில், ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி உங்களை ஒரு பைத்தியம் என்று திட்டினேன். பக்கத்து வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி டிக்கெட் விலை கூடிவிட்டதாக்கும் என்று நினைத்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பொதுக்கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வேன்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பாதிப் பேர் நம் பத்திரிகையை வாசித்ததே இல்லை. சோற்றுப் பார்சல்கள் பின்வரிசையில் மணந்துகொண்டிருந்தன. நீங்கள் எழுந்து டாக்ஸி ஓட்டுநரின் செத்தவீட்டைப் பற்றிச் சொன்னீர்கள். மிக நன்றாகப் பேசினீர்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்தப் பேச்சே போதும், கூட்டம் மனம் மாறிவிடும் என்று நான் நம்பினேன். தலையைக் குனிந்தவர்களும் கையைத் தூக்கினார்கள். இருபத்தேழு வாக்கு வித்தியாசத்தில் தோற்றோம். நீங்கள் எழுந்துபோய் ரேடியோ அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். நான் குலுக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். நீங்கள் வந்து, "தோத்தாச்சு. ஆனா ஒழுங்காத் தோத்தோம்" என்றீர்கள். மூன்று கிழமை உங்கள் தொலைபேசியை நான் எடுக்கவில்லை.

ரேடியோ அங்கிள் வேகமாக வேலை செய்தார். சங்கத்தைக் கலைத்தார். பத்திரிகை அவருடைய கம்பனிக்குப் போனது. மரண அறிவித்தலுக்குக் கட்டணம் வந்தது, கட்டணத்தின் மேல் வரியும் வந்தது. காசுக்கு ஏற்றபடி கட்டம் வளர்ந்தது: கால் பக்கம், அரைப் பக்கம், வண்ணத்தில் முழுப் பக்கம்.

நான்காவது கிழமை நீங்கள் என் வீட்டு மணியை அடித்தீர்கள். கையில் ஒரு தாள். ஓபர்னில் தனியாக இருந்த ஒரு கிழவர் இறந்துபோயிருந்தார். அறிவித்தலுக்குக் கட்டப் பணமில்லை. அவருடைய பெயர், ஊர், செத்தவீடு நடக்கும் இடம், நேரம் எல்லாவற்றையும் உங்கள் கோழிக் கிறுக்கல் கையெழுத்தில் எழுதி, சுற்றி அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டிருந்தீர்கள்.

"தட்டச்சுப் பண்ணித் தர்றியா? திட்டிக்கிட்டே பண்ணு, பரவாயில்ல."

திட்டிக்கொண்டேதான் செய்தேன். அன்றே நாற்பது பிரதி எடுத்துக் கடைக் கதவுகளிலும் கோயிலிலும் உங்கள் தேவாலயத்திலும் ஒட்டினோம். விலை இல்லை, விளம்பரம் இல்லை. வரி போட அதில் ஒன்றும் இல்லை, விலைக்கு வாங்கவும் ஒன்றும் இல்லை. மாதம் முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கிழவரின் செத்தவீட்டுக்கு ஐம்பது பேருக்கு மேல் வந்தார்கள். அந்த ஐம்பது பேரில் பொதுக்கூட்டத்தில் நமக்கு எதிராகக் கையைத் தூக்கியவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். நான் முறைத்தேன்.

ரேடியோ அங்கிள் தன் கடைக் கதவில் ஒட்டியதை மட்டும் கிழித்துவிடுவார். நீங்கள் வேலை முடிந்து வரும் வழியில் மறுபடியும் ஒட்டுவீர்கள். அவர் கிழிப்பார். "ஒட்டுற டேப் செலவு உங்களுக்குத்தான்" என்று அவர் ஒருநாள் கத்தினார். "நகம் தேயுறது உங்களுக்கு" என்றீர்கள். உள்ளே புளி வாங்கிக்கொண்டிருந்த சனம் எல்லாம் சிரித்தது. ஆனாலும் அவர் கிழிப்பதை நிறுத்தவில்லை. ஐந்து வருடம் நீங்களும் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

பிறகு ஒரு குளிர்காலத்தில் உங்கள் பெயரையே நான் தட்டச்சுச் செய்யவேண்டி வந்தது. ரேடியோ அங்கிள் தொலைபேசியில் வந்து, பத்திரிகையில் முழுப் பக்கம், வண்ணத்தில், காசு வேண்டாம் என்றார். உண்மையாகவே அழுதார். உங்கள் மனைவி, "அவருக்குப் பெரிய எழுத்தே பிடிக்காதும்மா, வேண்டாம்னு சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன். ஆனால் உங்களிடம் இன்று ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நம் தாளில் உங்கள் கட்டத்தை ஒரு விரற்கடை பெரிதாக்கினேன். அச்செடுத்துப் பார்த்தேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய அளவில் மறுபடி செய்தேன். எனக்கு விருப்பமே இல்லை.

நீங்கள் போன அடுத்த வருடம் இந்த நாட்டிலும் விதியைத் தளர்த்திவிட்டார்கள். ஒரே கை பத்திரிகையையும் ஒலிபரப்பையும் சேர்த்து வைத்திருப்பது முன்னைவிட இலகுவாகிவிட்டது. "பாத்தியளோ தங்கச்சி, கன்பராவில இருக்கிற அரசாங்கமே என்ர பக்கம்" என்றார் ரேடியோ அங்கிள். அடுத்த வருடம் நல்ல விலை வந்ததும் பத்திரிகையை மெல்பனில் பொயிண்ட் குக் பக்கம் வீடு விற்கும் ஒருவருக்கு விற்றுவிட்டார். அந்த மனிதர் பக்கமெல்லாம் வீட்டு விளம்பரமாக நிரப்பினார்.

இந்த வருடம் மே மாதம் வன்னியிலிருந்து பெயர்கள் வரத் தொடங்கின. தொலைபேசியில், மின்னஞ்சலில், கசங்கிய துண்டுத் தாள்களில். பத்திரிகை ஒன்றையும் எடுக்கவில்லை. அங்கத்தைய சாவுகளைப் போட்டால் பிரச்சினை வரும் என்று அதன் உரிமையாளர் சொல்லிவிட்டாராம். என்னிடமும் சிலர் பேசினார்கள். "அவர் எந்தப் பக்கம் எண்டு தெரியுமோ உங்களுக்கு? அவற்ற பெயரை எடுங்கோ" என்று ஒருவர். "இவர்தான் எங்கட ஆள், இவருடையதைப் பெரிசாப் போடுங்கோ" என்று இன்னொருவர். இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். பெயரை எடுக்கவும் மாட்டேன், பெருக்கவும் மாட்டேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள், நான் மறுபடி ஒட்டுவேன்.

நேற்றுப் பின்னேரம் ரேடியோ அங்கிள் வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. அவருடைய தங்கை குடும்பம் முழுக்க முள்ளிவாய்க்காலில் போய்விட்டது. ஐந்து பேர். பத்திரிகைக்கு அனுப்பினாராம், தான் விற்ற பத்திரிகைக்கு. திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வானொலியில் வாசிக்கப் போய், இரண்டாவது பெயரோடு நிறுத்திவிட்டார். பாட்டுப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"எவ்வளவு காசு எடுப்பியள் தங்கச்சி?" என்று கேட்டார்.

நான் என்னென்னவோ சொல்ல நினைத்தேன், அண்ணை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பற்றி, பின்வரிசைச் சோற்றுப் பார்சல்களைப் பற்றி, ஐந்து வருடம் கிழித்த தாள்களைப் பற்றி. நீங்கள் என்றால் அவருடைய கையைப் பிடித்திருப்பீர்கள். நான் நீங்கள் இல்லை. "உங்கட கடைக் கதவில நீங்கள்தான் உங்கட கையால ஒட்டவேணும்" என்றேன். தலையாட்டினார். பெயர்கள் எழுதிய துண்டுத் தாளைத் தந்தார். தங்கை, தங்கை கணவர், மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு ஏழு மாதம்.

நான் ஐந்து கட்டம் போட்டேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்:

"சின்னனுக்கும் அதே அளவோ?"

"ஓம். அதே அளவுதான்."

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார்.

அவரை நான் மன்னிக்கவில்லை. அந்தத் தோல்விக்காக உங்களையும் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை; அடுத்த தடவை சந்தித்தால் ஸ்ட்ராத்ஃபீல்டில் விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்குவேன். ஆனால் அன்று அந்த ஐம்பது வாக்கை நீங்கள் எனக்குத் தந்திருந்தால், யாருடைய பெயர் பெரிது, யாருடையது வேண்டாம் என்று இன்று நானே தீர்மானித்துக்கொண்டிருப்பேன். நன்றாகவே தீர்மானிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டும் இருப்பேன். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

போயிட்டு வாறன், அண்ணை. இன்னும் நாற்பத்திரண்டு பெயர் தட்டச்சுச் செய்யக் கிடக்கிறது.